குழாய் உச்சியில் ஒரு சட்டி

சாயல்குடிப் பக்கம் குழாய் வேலைக்குத் தன்னை விட்டால் ஆளில்லை என்று யோகேஸ்வரன் சொல்லிக்கொள்வார். பாதி உண்மைதான். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் மொட்டை மாடிக்கு ஏறிக் காற்று வரும் திசையைப் பார்ப்பார். கக்கூஸ் நாற்றம் அடுப்படிக்குள் வராதபடி காற்றுக் குழாயை எங்கே நிறுத்துவது என்று சாக்பீஸால் கோடு போட்ட பிறகுதான் டீயே குடிப்பார்.

பாண்டியம்மாள் வீட்டுக் குளியலறையையும் அப்படித்தான் மாற்றிக் கட்டினார். அந்த அம்மாவின் மகள் துர்காதேவிக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துத் தலைப்பிரசவம். வெஸ்டர்ன் டாய்லெட் இருந்தால்தான் தாய்வீட்டுக்கு அனுப்புவோம் என்று சம்பந்தி வீட்டில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை வளைகாப்பு முடிந்ததும் மகளை அழைத்துவர வேண்டும்.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்தது. ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. வியாழக்கிழமை காலையில் போன்.

"ஏலே, என்னத்த வேல பாத்துருக்க? தண்ணி ஊத்துனா களக் களக்குங்குது. நாத்தம் கொடலப் புடுங்குது. எம்புள்ள இங்கன எப்புடி இருப்பா?"

யோகேஸ்வரனுக்குச் சுருக்கென்றது. போய் மூட்டு மூட்டாகத் தடவிப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. கடைசியில் மாடிக்கு ஏறினால், காற்றுக் குழாயின் வாயில் கண்ணும் பல்லும் வரைந்த மண்சட்டி கவிழ்ந்திருந்தது. சுற்றிலும் சிமெண்ட் வேறு.

"யாரு இத இங்கன வச்சது?"

"நாந்தேன். வந்தவளுகள்லாம் வாயப் பொளந்து பாத்துட்டுப் போறாளுக. கண்ணு படாதா? காத்துல விழுந்துரும்னு சிமெண்டும் பூசுனேன்."

அவருக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அடக்கிக்கொண்டார்.

"கொடத்தக் கவுத்தா களக் களக்குன்னுதான ஊத்தும்? காத்து உள்ள போக வழியில்லாட்டி இதுவும் அப்புடித்தேன். மேல அடச்சா நாத்தம் கீழதான வரும்."

"அப்ப சட்டிய எடுத்துருவியா?" என்று கேட்ட பாண்டியம்மாளின் முகம் வாடிவிட்டது. ஆறு வருஷம் காத்திருந்த முகம்.

யோகேஸ்வரன் எடுக்கவில்லை. அதாவது, எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தார். குழாய் உச்சியில் இரண்டு பக்கமும் வாய் திறந்த 'டீ' என்னும் T வடிவ இணைப்பைப் பொருத்தி, அதன் தலையில் சட்டியைக் கம்பியால் கட்டினார். காற்றுக்குக் காற்று, கண்ணுக்குச் சட்டி. ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். சத்தமில்லாமல் இறங்கியது. வெள்ளிக்கிழமை துர்காதேவி கை நிறைய வளையலோடு வந்து சேர்ந்தாள்.

இப்போதெல்லாம் யாருக்குச் சாமான் பட்டியல் எழுதினாலும் பைப், எல்போ, டீ என்று எழுதிவிட்டு, கடைசியில் 'சட்டி 1' என்றும் சேர்க்கிறார். அவர் வீட்டுக் குழாயிலும் ஒன்று பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. உங்களுக்கு எதற்கு என்று கேட்டால் சிரிக்காமல் பதில் சொல்வார்.

"என்னைய விட்டா இங்கன ஆளில்லைல்ல. கண்ணு படாதா?"