விட்டுக்கொடுத்த பகல் ஷிஃப்ட்

நமக்கு உரியதைக் கொடுக்கும்போது, கூட இருப்பவரின் பங்கும் அதோடு சேர்ந்து போய்விட்டால் அது யாருடைய காணிக்கை? இந்தக் கதையை முதலில் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை.

அவர் பஸ் டிரைவர். பத்தொன்பது வருடமாக மதிய ஷிஃப்ட். வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் கண்ணை மூடி ஜெபிப்பார். அதனால் டிப்போவில் அவருக்கு ‘அல்லேலூயா’ என்று பெயர். கிளம்பின பிறகாவது கண்ணைத் திறக்கச் சொல்லி கண்டக்டர்கள் கிண்டலடிப்பார்கள். அவர் மனைவிக்குப் பள்ளி நூலகத்தில் வேலை. மனைவி காலையில் கிளம்பும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார். அவர் வேலை முடிந்து வரும்போது மனைவி தூங்கியிருப்பார். இருவரும் பேசிக்கொள்வது பெரும்பாலும் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டும் சீட்டுகளில்தான். “கேஸ் தீரப்போகுது.” “பார்த்தேன்.” இப்படியே குடித்தனம் ஓடியது.

பகல் ஷிஃப்டில் ஓர் இடம் காலியானால் பணிமூப்பு வரிசைப்படி கூப்பிட்டுக் கேட்பார்கள். வேண்டாதவர் பதிவேட்டில் ‘விட்டுக்கொடுக்கிறேன்’ என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டால் இடம் அடுத்தவருக்குப் போகும். மனம் மாறினால் ஐந்து நாளுக்குள் அடித்து எழுதலாம். அந்த வருடம் வரிசையில் முதல் ஆள் அவர். சேதி தெரிந்ததுமே மனைவி சபையின் சாயங்காலப் பாடற்குழுவில் இரண்டு பேர் பெயரையும் கொடுத்துவிட்டார்.

வரிசையில் இரண்டாவது ஆளுக்கும் மதிய ஷிஃப்ட்தான். அவர் மனைவி பக்கவாதத்தில் படுத்திருந்தார். பார்த்துக்கொள்ளும் பெண் ஐந்து மணிக்குப் போய்விடுவாள். அதன் பிறகு வீட்டில் யாருமில்லை. சனிக்கிழமை காலை அந்த மனிதர், ஷிஃப்ட் பதிவேட்டை வைத்திருக்கும் டைம் கீப்பரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். சட்டம் சட்டம்தான் என்றார் டைம் கீப்பர். தன் முறைக்குக் கூப்பிட்டதால் வந்து பின்னால் நின்ற அல்லேலூயா பேனாவை வாங்கினார். விட்டுக்கொடுக்கும் கட்டத்தில் கையெழுத்துப் போட்டார். “அண்ணன் பரலோகத்துல பகல் ஷிஃப்ட் வாங்கிட்டாரு” என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அவருக்கும் மனசு லேசாக இருந்தது.

அன்று மனைவிக்கு விடுமுறை. மதியம் சாப்பிடும்போது சொன்னார். மனைவி கரண்டியைப் பாத்திரத்திலேயே வைத்துவிட்டார்.

“நல்ல காரியம்தாங்க. ஆனா அந்த சாயங்காலம் உங்களுக்கு மட்டுமா வந்தது? என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானும் சேர்ந்து கொடுத்திருப்பேன். இப்ப என்கிட்ட இருந்து எடுத்துக் கொடுத்த மாதிரி ஆயிடுச்சு.”

தன் கையில் இருந்ததைத்தான் கொடுத்தோம் என்று அவர் நினைத்திருந்தார். அது யாருடைய கை என்று பார்க்கவில்லை.

கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டார். “புதன்கிழமை வரைக்கும் மாத்தலாம். இப்பவாவது கேக்கறேன். நீ என்ன சொன்னாலும் சரி.”

மனைவி உள்ளே போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தும் பேசவில்லை. திங்கள், செவ்வாய் ஃப்ரிட்ஜில் சீட்டும் இல்லை. அவரும் இரண்டாம் முறை கேட்கவில்லை, கேட்டால் அவசரப்படுத்தியதாகும்.

செவ்வாய் மாலை மனைவி அந்தப் படுத்திருக்கும் பெண்ணின் வீட்டுக்குப் போனார் என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. பார்த்துக்கொள்ளும் பெண் போன பிறகு போயிருக்கிறார். தண்ணீர்ச் சொம்பு கை எட்டாத தூரத்தில் இருந்ததாம். அதை எடுத்துக் கொடுத்துவிட்டு, அந்த வீட்டுக்காரர் வரும்வரை உட்கார்ந்திருக்கிறார்.

புதன்கிழமை பள்ளியில் அரை நாள் லீவு போட்டுவிட்டு டிப்போவுக்கு வந்தார். அல்லேலூயா வண்டியின் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி அவரைத் தாண்டி நேராக டைம் ஆபீஸுக்குள் போய்ப் பதிவேட்டைக் கேட்டார். அடித்து எழுதப் போகிறார் என்று நினைத்து, அங்கே உட்கார்ந்திருந்த இரண்டாவது ஆள் எழுந்து நின்றார். மனைவி, கணவர் கையெழுத்தைத் தேடிப் பிடித்துப் பேனாவைத் திறந்தார்.

“டிரைவர் வீட்டம்மாவுக்கெல்லாம் இதுல கட்டம் கிடையாதும்மா” என்றார் டைம் கீப்பர்.

“பரவாயில்ல சார். வெளியில போட்டுக்கறேன்.”

கணவர் பெயருக்குப் பக்கத்தில், ஓரத்து வெள்ளையில், தன் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். வாசலில் நின்ற அல்லேலூயா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது அந்த இரண்டாவது கையெழுத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.