சிமெண்ட் வைத்த சுவர்

காலை பத்து ஐம்பதுக்கு நான்கு செங்கற்களின் முகம் உதிர்ந்து, என் மகள் தினமும் உட்கார்ந்து படிக்கும் பெஞ்சின் மேல் விழுந்தது. திண்டிவனத்தில் வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடம் ஒன்றில் இருக்கும் படிப்பகம் அது. அந்தக் கட்டடத்தின் பராமரிப்பு என் பொறுப்பு. நான் ஓடிப்போனபோது அவள் வாசலில் டீ கிளாசுடன் நின்றிருந்தாள்.

“டீ குடிக்கப் போனா திட்டுவியேப்பா, இப்ப திட்டு” என்றாள்.

அவளை வாசலை விட்டுத் தள்ளிப் போய் நிற்கச் சொன்னேன்.

அறையைக் காலி செய்துவிட்டு, பழைய கட்டட வேலை தெரிந்த கொத்தனார் ஒருவரைக் கோலியனூரிலிருந்து வரவழைத்தேன். விழுந்த துண்டுகள் எனக்குப் புரியவில்லை. செங்கல் மாவாகியிருந்தது, கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் போன வருடம் வைத்த சிமெண்ட் கோடுகள் மட்டும் புதிதாகவே இருந்தன.

அவர் சின்னச் சுத்தியால் சுவரைத் தட்டிக்கொண்டே போனார். மேலே ‘டங்’ என்றது. இடுப்புக்குக் கீழே ‘பொத்’ என்றது. ‘பொத்’ என்ற கல்லிலெல்லாம் நான் சாக்பீஸால் குறி போட்டேன். ஒரு சுவரின் கீழ்ப்பாதி முழுவதும் வெள்ளையானது. பிறகு ஒரு சிமெண்ட் கோட்டை உளியால் பெயர்த்தார். உள்ளே இருந்த பழைய சுண்ணாம்பைத் தொட்டேன். சித்திரை வெயிலில் அது சில்லென்று நனைந்திருந்தது.

“தரையில இருந்து ஏறுற ஈரம் சுண்ணாம்பு வழியா வெளிய போய்க்கினு இருந்திச்சி சார். மேல சிமெண்ட்ட வெச்சி அடச்சிட்டாங்க. இப்ப கல்லு வழியா வந்து கல்லையே தின்னுடுச்சி. எந்தப் புண்ணியவான் வேலைங்க?”

“நான்தான் சொல்லிச் செய்யவெச்சேன். போன வருஷம் இங்க நடந்த விழாவுக்குப் பளிச்சுனு தெரியணும்னு.”

“அதான் கோடு அவ்ளோ நேரா இருக்குது” என்றார், சிரிக்காமல்.

சுவர் உதிர்ந்ததைக் கேள்விப்பட்டு, விழுப்புரத்திலிருந்து என் மேலதிகாரி போனில் பேசினார். இன்றே சிமெண்ட் பூசி மூடி, நாளைக்கு அறையைத் திறக்கச் சொன்னார். மூடினால் என் தவறும் மறைந்துவிடும். ஆனால் நாளைக் காலை ஒன்பது மணிக்கு என் மகள் அங்கேதான் உட்காருவாள்.

“நேர்ல வந்து பாத்துட்டுச் சொல்லுங்க சார்” என்றேன்.

நான்கு மணிக்கு வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். பெயர்த்த இடத்தில் விரலை விட்டு எடுத்து, ஈரத்தைப் பார்த்தார்.

“மத்த மூணு சுவத்துலயும் இதே வேலைதான செஞ்சீங்க? ரூம பூட்டுங்க. படிக்கிற பசங்களுக்கு வெளிய பந்தல் போடுங்க. சிமெண்ட்ட உளியாலயே எடுக்கணும், மெஷின் வேணாம், கல்லும் சேந்து பேந்துடும். நீங்களே கூட நின்னு எடுக்கவைங்க.”