ஜேர்மன் ரகு சுமந்த பழி

ரகுவின் தங்கை, ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரிலிருந்து தொலைபேசியில் அழைத்தபோது நான் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். "அண்ணை போயிட்டார். காலமை எழும்பேல்லை. ஹார்ட் எண்டு சொல்லுகினம்," என்றாள். பிறகு, "உங்களுக்குத்தான் முதல் சொல்லுறன். நீங்கள்தானே கடைசிவரை அவரோட நிண்டனீங்கள்," என்றாள். அதைக் கேட்டதும் எனக்கு வந்தது அழுகை அல்ல, பயம். நான் கடைசிவரை நிற்கவில்லை. அது ரகுவுக்கும் எனக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். இனி எனக்கு மட்டும்.

நீங்கள் எல்லோரும் ஜேர்மன் ரகு என்று அழைத்த ரகுநாதன், பத்தொன்பது வயதில் பிராங்பேர்ட்டில் போய் இறங்கியவர். அங்கே ஒரு நடன விடுதியில் கோப்பை கழுவினார். ஒருநாள் இசைத்தட்டுப் போடுபவர் காய்ச்சலில் வராமல் போக, "நான் போடட்டோ?" என்று கேட்டாராம். ஈரக்கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு மேடையேறியவர், சில வருடங்களிலேயே பாட்டே இல்லாமல் தாளம் மட்டும் ஓடும் ரெக்னோ இசையில் ஜேர்மனியில் பெயர் தெரிந்த டிஜே ஆனார். சொந்தமாக இசையமைத்து இரண்டு இசைத்தட்டுகள் வெளியிட்டார். தொண்ணூற்று நான்கில் தங்கையின் அருகில் இருக்கவென்று ரொறன்ரோ வந்தபோது, வெள்ளைக்காரப் பெடியள் அந்தத் தட்டுகளைக் கொண்டுவந்து கையெழுத்து வாங்கினார்கள். நம்மவர்களுக்குத்தான் பிடிபடவில்லை. ரொறன்ரோ மோர்னிங்சைட் பகுதியில் ஒரு பிறந்தநாள் விழாவில், "தம்பி, உதில பாட்டுக்காரன் எங்கை?" என்று ஒருவர் கேட்டார். ரகு முகம் மாறாமல், "அவர் வரச் சுணங்கும் அங்கிள். நீங்கள் ஆடத் தொடங்குங்கோ," என்றார்.

என்னிடம் ஒரு பழைய வான் வண்டி இருந்தது. அவருடைய ஒலிபெருக்கிகளை ஏற்றி இறக்குவது என் வேலை. என் அகதி வழக்கு அப்போது முடிந்திருக்கவில்லை. பொலிஸ் காரைக் கண்டால் வேறு தெருவுக்குத் திரும்பிவிடுவேன். தபால் பெட்டியைத் திறப்பதற்கே பயப்படுவேன்.

தொண்ணூற்றாறு பனி மாரியில், ஒரு ஞாயிறு மத்தியானம், பக்கத்து பிறம்ரன் நகரில் வெறுமையாகக் கிடந்த ஒரு களஞ்சியத்தில் நிகழ்ச்சி. பெட்டிகளை இறக்கிய பிறகு வானைப் பின்கதவோடு ஒட்டியே விட்டிருந்தேன். எங்கே போனாலும் கதவுகளைப் பார்த்துவிட்டுத்தான் ரகு தொடங்குவார். "வானை எடுத்திட்டீரோ?" என்று கேட்டார். வெளியே எலும்பு வரை குளிர். "ஓம், எடுத்திட்டன்," என்றேன்.

ஒரு மணித்தியாலம் கழித்து முன்வாசல் திரையில் தீப்பிடித்தது. புகை வாசலை மூட, சனம் பின்பக்கம் திரும்பியது. முன்னே நின்ற ஒருவன் கதவைத் தள்ளினான். அது ஒரு கையளவு திறந்து, எதிலோ முட்டி நின்றது. ரகு என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது.

"ஓடும். நான் சனத்தைப் பிடிச்சு வைக்கிறன்."

ஜாக்கெட்டால் வாயைப் பொத்திக்கொண்டு புகைக்குள்ளால் முன்வாசலைத் தாண்டி வெளியே ஓடி, சுற்றிப் பின்பக்கம் வந்தேன். வானுக்குள் ஏறித் திறப்பைத் திருப்பினால் எஞ்சின் இருமிவிட்டு நின்றது. மறுபடியும் அப்படித்தான். சுவருக்கு அப்பால் ரகுவின் தாளம் கேட்டது. வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, மைக்கில் தாழ்ந்த குரலில், நின்ற இடத்தில் இருங்கள், கதவு திறக்கும் என்று ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தத் தாளம் கேட்கும்வரை உள்ளே ஒருவரும் மிதிபடவில்லை என்று நம்பினேன். அது நின்றுவிடுமோ என்று பயந்து பயந்து திறப்பைத் திருப்பினேன். நாலாம் முறை எஞ்சின் பிடித்தது. வானை முன்னே எடுத்தேன், கதவு திறந்தது.

சனம் நடந்து வெளியே வந்தது. ஒரு பெண்ணுக்குக் கை முறிந்திருந்தது. வேறு ஒருவருக்கும் ஒன்றுமில்லை. கடைசியாக வந்த ரகு பனியில் குந்தியிருந்து வாந்தியெடுத்தார். விசாரித்த அதிகாரியிடம், "கதவு ஐஸில இறுகிப்போச்சு," என்று மட்டும் சொன்னார்.

நிகழ்ச்சியை நடத்தியவர்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள வேறு கதை கட்டினார்கள். தீப்பிடித்த பிறகும் பாட்டை நிறுத்தாத பைத்தியம் என்று அவருடைய பெயர் நகரமெங்கும் பரவியது. ஒரு மண்டபமும் அவரை அதன்பின் அழைக்கவில்லை. நான் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்றபோது, "உம்மட கேஸ் முடியட்டும். கதவை மறிச்சதெண்டு பொலிஸ் கேஸ் விழுந்து உம்மைத் திருப்பி அனுப்பினா அங்கை உயிரோட இருப்பீரோ? அதுவரை வாய் திறவாதையும்," என்றார். அவர் பேக்கரி ஒன்றில் பாண் பொதி செய்யப் போனார். பின்னேரங்களில் நிலக்கீழ் அறையில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒருவருக்கும் கொடுக்காத இசையைச் செய்தார்.

மேன்முறையீடுகளில் இழுபட்டு, போன வருடம்தான் என் வழக்கு வென்றது. ரகுவே அழைத்தார். "கேஸ் சரிவந்திட்டுதாம். நல்ல சந்தோசம்," என்றார். பிறகு ஒன்றும் பேசாமல் காத்திருந்தார். அவர் எதற்குக் காத்திருந்தார் என்று எனக்குத் தெரியும். காகிதம் கைக்கு வந்தும் பயம் என்னை விடவில்லை. "எனக்கு வேலைக்கு நேரமாகுது," என்றேன். "ஓம், ஓம். போயிட்டு வாரும்," என்றார். அதன்பின் நான் அவரைப் பார்க்கப் போகவில்லை.

அந்த வான் என்னுடையது. ரகு கேட்டார், நான் பொய் சொன்னேன். இதை எழுதுமுன் அவருடைய தங்கைக்குச் சொன்னேன். அவள் எந்த நாள், எந்தக் கதவு என்று கேட்டாள். பிறகு, "எழுதுங்கோ. அண்ணையின்ர பேரை வடிவா எழுதுங்கோ," என்றாள்.

அவருடைய தட்டுகள் உங்களில் பலரிடம் இருக்கும். என்னிடம் இருப்பது, அந்தத் தொலைபேசியில் அவர் பேசாமல் காத்திருந்த கொஞ்ச நேரம்.