மருந்து டேங்கோடு கிணற்றில் இறங்கிய மாமா

கடலுக்கடியில் மூழ்குகிற படம் எதுவும் டி.வி.யில் ஓடினால் என்னால் உட்கார்ந்து பார்க்க முடியாது. முதுகில் சிலிண்டர் கட்டியவன் தண்ணீருக்குள் சாய்ந்ததும் எனக்குக் கால் பரபரக்கும். எழுந்து மோட்டார் ரூம் வரைக்கும் நடந்துவிட்டு வருவேன். அப்போதும் அவன் உள்ளேதான் இருப்பான். மறுபடி எழுவேன்.

"அவன் சாக மாட்டாம்ப்பா, உக்காருங்க. எங்கியாச்சும் ஹீரோ சாவானா?" என்று மகள் சிரிப்பாள்.

அது எனக்கும் தெரியும். படத்தில் கடலடி கல்யாண மண்டபம் போல வெளிச்சமாக இருக்கும். யாருக்கும் காது வலிக்காது, குளிராது. காற்று தீர்ந்தாலும் புதையல் பெட்டியில் கை படும் நேரம் பார்த்துத்தான் தீரும். இதையெல்லாம் அவளிடம் சொல்ல எனக்குக் கூச்சம்.

இந்தக் கதைகளை எனக்குப் பழக்கியவர் அம்மாவின் தம்பி, என் மாமா. அப்போது நான் நாலாம் வகுப்பு. நான் படித்த கடைசி வகுப்பும் அதுதான். எருத்தேன்பதியில் எங்கள் தோட்டத்துச் சாளை வீட்டில்தான் அவரும் இருந்தார். வேலை தேடிக்கொண்டிருப்பதாகச் சொல்வார்கள். எனக்குத் தெரிந்து அவர் தேடியதெல்லாம் வாடகைக்குக் கிடைக்கும் சாகச நாவல்களைத்தான். மதியத்தில் வேப்பமரத்தடியில் எனக்குப் படித்துக் காட்டுவார். எந்த நாவலாக இருந்தாலும் ஆழ்கடலில் ஒரு சண்டை வரும். ஒருவன் பின்னாலிருந்து கத்தியோடு நீந்தி வந்து காற்றுக்குழாயை அறுப்பான். அந்த இடத்தில் மாமா புத்தகத்தை மூடிவிட்டு, "மிச்சம் நாளைக்கு மாப்ள" என்பார். எனக்குச் சோறு இறங்காது.

அந்தக் கோடையில் எங்கள் மோட்டார் தண்ணீர் எடுக்காமல் நின்றுபோனது. கிணற்றுக்குள் குழாயின் அடிநுனியில் இருக்கும் வால்வை ஏதோ அடைத்திருந்தது. ஆள் இறங்கி எடுக்க வேண்டும். வழக்கமாக மூழ்குகிறவர் ஊரில் இல்லை. கடலைச்செடி வாடத் தொடங்கியிருந்தது. பூ இறங்கிக் காய் பிடிக்கிற நேரம். அப்பா நாள் முழுக்க வாய்க்காலுக்கும் கிணற்றுக்கும் நடந்தார். ராத்திரிச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது அம்மாவிடம் சொன்னார்:

"மச்சானுக்கு இன்னும் ரெண்டு கரண்டி போடு. கதை படிச்சுப் படிச்சுக் களைச்சுப் போயிருப்பாரு."

நான் சிரித்தேன். மாமாவும் சிரித்தார். அம்மா கரண்டியைச் சட்டியிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. அப்பா கொழிஞ்சாம்பாறைச் சந்தைக்குப் போனதும் மாமா பருத்திக்குப் பூச்சிமருந்தடிக்கிற, முதுகில் மாட்டும் டேங்க்கை வெளியே எடுத்தார். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தார். எவ்வளவு தேய்த்தும் மருந்து நெடி போகவில்லை. கைப்பிடியை அடித்து அடித்து உள்ளே காற்றை ஏற்றினார். ரப்பர் குழாயின் நுனியில் சைக்கிள் டியூப் துண்டைக் கட்டி வாயில் கவ்விப் பார்த்தார். நாவல் அட்டைப்படத்தில் இருப்பவனைப் போலவே இருந்தார். வெறும் டேங்க் மிதக்கும் என்பதால் இடுப்பில் அம்மிக்குழவியைக் கயிற்றால் கட்டிக்கொண்டார். அது மட்டும் எந்த அட்டைப்படத்திலும் இல்லை.

இன்னொரு கயிற்றைத் தன் மார்பில் கட்டி நுனியை என்னிடம் கொடுத்தார்.

"ஒருக்கா இழுத்தா நல்லா இருக்கறன்னு அர்த்தம். ரெண்டுக்கா இழுத்தா நீ தூக்கோணும். தெரிஞ்சுதா?"

"சுறா வந்தா மாமா?"

"வந்தா உங்கொப்பனுக்குக் கொழம்பு வெக்கலாம்."

கல்படிகளில் இறங்கி, தண்ணீருக்குள் போனார். குமிழிகள் வந்தன. கயிறு ஒருமுறை அசைந்தது. நான் சந்தோஷத்தில் குதித்தேன். பிறகு குமிழிகள் நின்றன. தண்ணீர் பச்சையாக, அசையாமல் கிடந்தது. திடீரென்று கயிறு வெட்டி வெட்டி இழுத்தது. இரண்டு முறைக்கு என்ன செய்வதென்றுதான் சொல்லியிருந்தார். இத்தனை முறைக்கு எதுவும் சொல்லவில்லை. உள்ளே சண்டை நடக்கிறது என்று நினைத்தேன். இருந்தாலும் தூக்கினேன். குழவியும் ஆளுமாக, இம்மிகூட மேலே வரவில்லை. கை வழுக்கியது. அப்போதுதான், "அம்மா!" என்று கத்தினேன்.

மாட்டுக்குச் சோளத்தட்டு அறுத்துக்கொண்டிருந்த அம்மா அரிவாளோடு ஓடி வந்தாள்.

"என்ற தம்பி எங்கடா?"

நான் தண்ணீரைக் காட்டினேன். சேலையை வாரிச் செருகி, அரிவாளைப் பல்லில் கவ்விக்கொண்டு மேல்படியிலிருந்தே குதித்தாள். அம்மாவுக்கு நீச்சல் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கத்தியோடு வருகிறவன் குழாயை அறுக்கத்தான் வருவான் என்று படித்துப் பழகியதால், "அறுக்காதீங்கம்மா!" என்று மேலே நின்று அலறினேன்.

அவள் அறுத்தது குழவிக் கயிற்றை. இருவரும் மேலே வந்தபோது மாமாவின் முகம் நீலம் பூத்திருந்தது. படியில் குப்புறப் போட்டு முதுகில் அடித்தாள். மருந்து நெடியோடு தண்ணீராக வாந்தியெடுத்தார். அவர் வலது கைவிரல்களை அம்மா ஒவ்வொன்றாக விரித்தாள். உள்ளே நைந்த சாக்குத்துண்டு. அவள் அதைப் பார்த்துவிட்டுக் கிணற்றுக்கு வெளியே தூர எறிந்தாள். திட்டவில்லை. அவர் தலையைத் துவட்டிக்கொண்டே, "ஏந் தம்பி, ஒரு வாய்ச் சோத்துக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

சோற்றுக்கும் கிணற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. இவ்வளவு அருமையான ஆட்டத்தில் புதையல் வராமல் போனதே என்றுதான் வருத்தமாக இருந்தது.

சாயங்காலம் அப்பா வந்து மோட்டாரைப் போட்டார். தண்ணீர் வாய்க்கால் நிறையப் பாய்ந்தது.

"அடைப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. இன்னைக்குத்தான் கரண்டு ஒழுங்கா வருது. வோல்டேஜு கம்மியா இருந்தா எடுக்குமா?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்தாள். "ஆமாங்க" என்றாள்.

மறுநாள் நான் எழுந்தபோது மாமா இல்லை. முதல் பஸ்ஸுக்கே போய்விட்டதாக அம்மா சொன்னாள். எங்கே என்று கேட்டபோது மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டாள். நானே கண்டுபிடித்துக்கொண்டேன். கிணறு பத்தாமல்தான் அவர் கடலுக்குப் போயிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன். வாத்தியார் மாஷிடமும் சொன்னேன். மாமாவுக்குப் புதுச் சிலிண்டர் கொடுப்பார்கள், முத்தோடு வருவார் என்றேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் அதையே சொன்னேன்.

அம்மா சோறு போட்டுக்கொண்டிருந்தாள். "ஆமாஞ்சாமி, கடலுக்குத்தான் போயிருக்கறான்" என்றாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, வெகுநேரம் அடுப்பை ஊதினாள். அடுப்பு எப்போதோ அணைந்து போயிருந்தது.