அக்காவின் கை தவறவில்லை

அக்காவைப் பற்றி நன்றாகப் பேசத் தெரிந்த யாராவது இந்த நினைவஞ்சலியை எழுதட்டும் என்றுதான் நான் சொன்னேன். தாப்பாவில் இருக்கும் எங்கள் சின்னம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "ஒரே வீட்டுல கூட இருந்தவன் நீதானே. உனக்குத் தெரியாதது எங்களுக்கு என்னலா தெரியும்?" என்றார். அவர் சொன்னது சரிதான். எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருக்கிறது. அதற்காகவே எழுத உட்கார்ந்தேன்.

அக்கா சுங்காய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர்கள். பிள்ளைகள் நாங்கள் இருவர்தான். எனக்கும் அக்காவுக்கும் பதினோரு வயது வித்தியாசம். அம்மா இறந்தபோது நான் மூன்றாம் வகுப்பில் இருந்தேன். அதன் பிறகு எனக்குத் தலை வாரி, சோறு கட்டிக் கொடுத்து, பள்ளிக்கு அனுப்பியவர் அக்காதான். பெண் கேட்டு வந்தவர்களிடம், "தம்பியையும் கூட்டிக்கிட்டுத்தான் வருவேன்" என்றார். வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். பிறகு அப்பாவும் காலமானார். தோட்டத்தில் ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட்டபோது நாங்கள் ஈப்போவுக்கு வந்து அடுக்குமாடி வீட்டில் குடியேறினோம். அக்கா பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமையல் வேலைக்குச் சேர்ந்தார். நான் தொழிற்சாலையில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறேன். ஐம்பது வயது வரை எனக்கு ஒரு ரசம் வைக்கத் தெரியாது. தேவையும் இருக்கவில்லை.

உறவினர் வீட்டு விசேஷம் எதுவானாலும் சாம்பார் அக்காவுடையது. அது உங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரியாததை இப்போது சொல்கிறேன்.

தொண்டையில் புற்றுநோய் வந்து கதிர்வீச்சுச் சிகிச்சை முடிந்தபோது, அக்காவின் நாக்கில் ருசி போய்விட்டது. வாசனை தெரியும், உப்பும் புளிப்பும் தெரியாது. அதை யாரிடமும் சொல்லக்கூடாது என்றார். "தெரிஞ்சா யாரும் சமைக்கக் கூப்பிட மாட்டாங்கடா. எனக்கு வேற என்ன தெரியும்?" என்றார்.

அப்போதுதான் என்னை அடுப்பங்கரைக்கு அழைத்தார். "கை என்னோடது, நாக்கு உன்னோடது. அப்படியே நீயும் கத்துக்க" என்றார்.

நான் நல்ல மாணவன் இல்லை. கடுகு வெடித்து அடங்கும் முன் வெங்காயத்தைப் போடுவேன். பருப்பை அடுப்பில் வைத்துவிட்டுத் தொலைக்காட்சிப் பக்கம் நழுவுவேன். "எங்கடா போற? ஓரமா நிறுத்திட்டுப் போக அது என்ன உன் ஃபோர்க்லிஃப்டா?" என்று அக்கா கேட்பார். ஒரு நாள் கீழ்மாடி நண்பர் வாசலில் நின்று நான் வெங்காயம் உரிப்பதைப் பார்த்துவிட்டார். "என்ன மச்சான், அக்கா வீட்டுக்கு மருமக வந்தாச்சு போல!" என்றார். அக்காவும் சிரித்தார். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. அதற்குப் பிறகு எப்போது முடியும் என்று பார்த்துக்கொண்டேதான் அடுப்படியில் நின்றேன்.

சின்னம்மா மகளுக்குப் பரிசம் போடும் நாள் வந்தது. சாம்பாருக்குப் பெரிய குண்டானை அக்கா இறக்கி வைத்தார். அன்று காலை தொலைக்காட்சியில் பூப்பந்து இறுதியாட்டம். மூன்றாவது செட். அக்கா ஒரு சின்னத் தட்டில் சாம்பார் ஊற்றிக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார்.

"தம்பி, உப்புப் பாரு. பருப்பு வேகும்போதே போட்டேனான்னு ஞாபகம் இல்ல. இப்பவும் போட்டிருக்கேன்."

நான் கண்ணை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சரியா இருக்குக்கா" என்று குரல் கொடுத்தேன். தட்டைத் தொடவே இல்லை. ஆட்டம் முடிந்ததும் அதன்மேல் நாளிதழைப் போட்டுவிட்டுக் குண்டானைக் காரில் ஏற்றினேன்.

தாப்பாவில் என்ன நடந்தது என்று அன்று பந்தியில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். மாப்பிள்ளை வீட்டார் சாம்பாரை ஒதுக்கிவிட்டுத் தயிர் கேட்டார்கள். கோப்பெங்கிலிருந்து வந்திருந்த மாமா, "என்னம்மா, லூமுட் கடல்ல தண்ணி மொண்டாந்து வச்சியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மாமாவைக் குறை சொல்லவில்லை, உப்பு அப்படித்தான் இருந்தது.

"வயசாச்சுலா மாமா. கை தவறிப் போச்சு" என்றார் அக்கா. நான் அவர் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பியதும் நான் குளிக்கப் போனேன். வந்து நாளிதழைத் தூக்கிப் பார்த்தபோது தொடாத சாம்பாரோடு விட்டுப்போன தட்டு கீழே இல்லை. அடுப்படியில் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. எங்கள் வீட்டில் இருந்தது நாங்கள் இருவர்தான். அக்கா ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதற்குப் பிறகு யாரும் அக்காவைச் சமைக்கக் கூப்பிடவில்லை. ஓய்வெடுக்கட்டும் என்று நல்ல மனதோடுதான் விட்டீர்கள். அக்கா பெரிய குண்டானைச் சிற்றுண்டிச்சாலைத் தோழி ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். வீட்டில் மட்டும் எனக்குச் சொல்லிக் கொடுப்பதை நிறுத்தவில்லை. முன்பைவிடக் கண்டிப்பாகச் சொல்லிக் கொடுத்தார். நானும் அதன் பிறகு நழுவவில்லை.

நோய் திரும்பி வந்து படுக்கையில் இருந்த கடைசி மாதத்தில், நான் வைத்த ரசத்தை ஒரு கரண்டி ஊட்டினேன்.

"உப்பு சரியா இருக்காடா?" என்று கேட்டார்.

"சரியா இருக்குக்கா."

"ருசி பாத்துத்தான் சொல்றியா?"

கேட்டுவிட்டு இலேசாகச் சிரித்தார். பரிசத்தன்று நடந்ததைச் சொல்வதற்கு எனக்குக் கிடைத்த நேரம் அதுதான். "பாத்துத்தான் சொல்றேன்" என்று மட்டும் சொன்னேன். அன்று உண்மையாகவே பார்த்திருந்தேன். ஆனால் அவர் கேட்டது அந்த ரசத்தைப் பற்றி இல்லை என்று எனக்குத் தெரியும். இரண்டு வாரத்தில் அக்கா போய்விட்டார்.

நான் வேலையில் இருந்த நாளெல்லாம் அக்காவை மருத்துவமனைக்குக் காரில் அழைத்துப் போன கீழ்மாடி நண்பருக்கும், அக்காவுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த எதிர்வீட்டு மலாய் அம்மையாருக்கும், இரவு பகல் பார்க்காமல் கவனித்த தாதியருக்கும், கடைசி வாரம் எங்கள் வீட்டிலேயே வந்து தங்கிய சின்னம்மாவுக்கும், தூரத்திலிருந்து வந்து தோள் கொடுத்த உங்கள் எல்லோருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன்.

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு நாள் சாம்பாரை நானே வைக்கிறேன். அதற்காக அக்காவின் குண்டானை அவர் தோழியிடம் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். படையல் போடும் வரை ருசி பார்க்கக்கூடாது என்பது நம் வழக்கம். அதனால் அக்கா காட்டிய அளவை மட்டும் நம்பி உப்புப் போடுவேன். படையல் முடிந்ததும் முதல் கரண்டியை நான் குடித்துப் பார்ப்பேன். அதன் பிறகுதான் உங்கள் இலைக்கு வரும். அப்படியும் உப்புக் கூடிப் போனால் கோப்பெங் மாமா எல்லோர் முன்பும் சத்தமாகச் சொல்லட்டும். இந்த முறை பதில் சொல்ல வேண்டியவன் நான்தான். அன்றும் நான்தான்.