திரைச்சீலை வழியாக ஓர் இன்டர்வியூ

எண்பதுகளின் ஆரம்பம். மே மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்று. இடம், ஆம்பூரில் ஒரு டேனரிக்கு, அதாவது தோல் பதனிடும் ஆலைக்குப் பின்புறம் இருந்த சின்னத் தெரு. அக்னி நட்சத்திரத்தில் எங்கள் பக்கம் வெயில் எப்படி அடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அதோடு தோல் ஊறவைத்த தண்ணீரின் வாடையும் சேர்ந்துகொண்டால், புதிதாக வருகிறவர்கள் மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுக்கவே மாட்டார்கள். அப்படிக் கைக்குட்டையும் கையுமாக வந்த ஒருவரை நம்பித்தான் அன்றைக்கு என் எதிர்காலம் இருந்தது.

நான் அப்போது வேலூரில் டாக்டர் படிப்பை முடித்துவிட்டு, சமூக மருத்துவப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கூடப் படித்தவர்கள் எல்லாம் ஆபரேஷன், இருதயம் என்று பெரிய பெரிய பிரிவுகளுக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் உங்கள் வீட்டுக் குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது, கக்கூஸ் எங்கே இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு தெருத்தெருவாகத் திரிந்தேன். ஹாஸ்டலில் எனக்கு 'கக்கூஸ் டாக்டர்' என்றே பெயர். அதில் எனக்கு வருத்தமில்லை. வார்டில் நாங்கள் காப்பாற்றி அனுப்பிய குழந்தை, கொஞ்ச நாளில் அதே வயிற்றுப்போக்கோடு அதே கட்டிலுக்குத் திரும்பி வருவதைக் கண்ணால் பார்த்தவள் நான். தெருவைச் சரிசெய்யாமல் குழந்தையை மட்டும் சரிசெய்து என்ன பயன்?

அந்தச் சமயத்தில்தான் வெளிநாட்டில் ஒரு வருட ஃபெலோஷிப் பற்றித் தெரிய வந்தது. பல நாட்டு டாக்டர்களும் நர்சுகளும் ஒன்றாக உட்கார்ந்து, இருப்பவனுக்குக் கிடைக்கிற வைத்தியம் இல்லாதவனுக்கும் கிடைக்க என்ன வழி என்று படிக்கும் படிப்பு. எங்கள் பக்கத்துக்கு ஒரே ஓர் இடம். எனக்காகவே வைத்த மாதிரி இருந்தது. ஆனால் வீட்டில் அம்மா கறாராகச் சொல்லிவிட்டார். "இந்த வருஷம் கெடச்சா போய்ட்டு வா. இல்லன்னா மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சிடுவேன். அப்புறம் நீ ஒண்ணும் பேசக்கூடாது." அம்மா சொன்னால் சொன்னதுதான். அப்பாவுக்கே அங்கே அப்பீல் கிடையாது.

எழுத்துத் தேர்வெல்லாம் முடிந்து கடைசிக் கட்டம் வந்தது. மெட்ராஸிலிருந்து ஒரு பேராசிரியர் வந்து, நான் வேலை செய்கிற இடத்திலேயே ஜனங்களிடம் பேசிப் பார்ப்பார். அவர் நல்லது என்றால் சீட். இல்லையென்றால் மாப்பிள்ளை.

அதற்கு நான் தேர்ந்தெடுத்தது ஆம்பூரின் அந்தத் தெருவை. டேனரி வேலைக்காரர்களின் வீடுகள். இரண்டு வருடமாக வெள்ளிக்கிழமைதோறும் அங்கே ஒரு வீட்டில் பெண்கள் கூடுவார்கள். ஆண்கள் ஜும்மா தொழுகைக்குப் போயிருக்கும் நேரம் எங்களுக்குத் தோதான நேரம். அந்த வீட்டு அம்மாவை எல்லோரும் 'ஆபா' என்பார்கள், அதாவது அக்கா. நாற்பது வயது இருக்கும். என்னை வாய் நிறைய 'டாக்டரம்மா' என்று கூப்பிடுவார், ஆனால் பேசுவதெல்லாம் 'நீ, வா, போ'தான். அவர் கணவரை நான் நச்சரித்து நச்சரித்துத்தான் அந்த வீட்டுக் கொல்லையில் ஒரு கக்கூஸ் கட்ட வைத்திருந்தேன். தெருவில் அதுதான் முதல் கக்கூஸ் என்பதில் ஆபாவுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்த வீடுகளில் வெளி ஆண்கள் முன்னால் பெண்கள் வரமாட்டார்கள். விருந்தாளி ஆண் என்றால் முன் அறையோடு சரி. உள்வாசலில் ஒரு திரைச்சீலை தொங்கும். பேச வேண்டுமானால் அதற்குப் பின்னால் நின்று பேசுவார்கள். பேராசிரியரோடும் அப்படியே பேசட்டும் என்று ஆபாவின் கணவர் ஒப்புக்கொண்டிருந்தார்.

முந்தின வாரமே எல்லோரிடமும் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். பெரிய டாக்டர் வருவார், நாம் பேசிக்கொண்டதை எல்லாம் அவரிடம் சொல்லுங்கள், நன்றாகச் சொன்னால் நான் வெளிநாடு போய்ப் படிப்பேன் என்றேன்.

"எவ்ளோ நாளு?" என்று கேட்டார் ஆபா.

ஒரு வருஷம் என்றேன். எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என் பெருமையை நினைத்து வாயடைத்துப் போய்விட்டார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். என் நினைப்பைப் பாருங்கள்!

அந்த வெள்ளிக்கிழமை பேராசிரியரை ஆம்பூர் ஸ்டேஷனில் போய் ஜீப்பில் ஏற்றிக்கொண்டேன். நல்ல உயரம், கம்பீரமான ஆள், சிரிப்பு மட்டும் பஞ்சம். ஆனால் ஆம்பூருக்கு வந்துவிட்டு பிரியாணி சாப்பிடாமல் இருக்க அவரும் முனிவர் இல்லையே. ஒரு பிளேட், அப்புறம் இன்னொரு பிளேட், கூடவே எண்ணெய்க் கத்திரிக்காய். நான் பிரியாணியைக் குறை சொல்ல மாட்டேன். அதற்கு மேல் தள்ளுவண்டியில் ஐஸ் போட்ட சர்பத் இரண்டு டம்ளர் குடித்தார் பாருங்கள், அதுதான் வினை. வேண்டாம் சார் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. பரீட்சை வைக்கிறவரிடம் எப்படிச் சொல்வது?

ஆபா வீட்டு முன் அறையில் அவரை ஒரு பெஞ்சில் உட்கார வைத்தேன். ஜீப் டிரைவரும் ஆபாவின் கணவரும் தொழுகைக்குக் கிளம்பிவிட்டார்கள். திரைக்குப் பின்னால் வளையல் சத்தம், குசுகுசுப்பு. தெருவே உள்ளே இருக்கிறது என்று தெரிந்தது. எனக்கு ஒரே குஷி.

பேராசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்த டாக்டரம்மா உங்களுக்கு என்னவெல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டார்.

உள்ளேயிருந்து ஆபாவின் குரல் வந்தது. "ஒண்ணும் சொல்லித் தர்லீங்க சார். வருவாங்க, டீ குடிப்பாங்க, போய்டுவாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, குடிதண்ணீரைக் காய்ச்சுகிறீர்களா என்றார். "அது எதுக்கு சார்? வெறகு தண்டம்" என்றது இன்னொரு குரல். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் என்ன செய்வீர்கள் என்றார். "தண்ணியே காட்ட மாட்டோம் சார். தானா நின்னுடும்." இதைச் சொன்னது அந்த வீட்டு மருமகள். போன மாதம் தன் பிள்ளைக்கு ராத்திரி முழுக்க உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துக் காப்பாற்றிவிட்டு, என்னிடம் பெருமையாக வந்து சொன்ன பெண்!

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கோபமும் வந்தது. இரண்டு வருடம் இவர்களோடு தரையில் உட்கார்ந்து கத்தின கத்தெல்லாம் இதற்குத்தானா? அம்மா காட்டப்போகும் மாப்பிள்ளை முகம் கூட மங்கலாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. பேராசிரியர் எழுந்து நின்றார். "சரிம்மா, பார்த்தாச்சு. கிளம்பலாம்" என்றார்.

கிளம்பவில்லை. நின்ற இடத்திலேயே நின்றார். நெற்றியெல்லாம் வியர்வை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் குனிந்து, குரலே வெளியில் வராமல் கேட்டார். "இங்க டாய்லெட் எங்கேம்மா இருக்கு?"

இருக்கிறது. தெருவின் முதல் கக்கூஸ். ஆனால் அது கொல்லையில். கொல்லைக்குப் போக வேண்டுமானால் திரையைத் தாண்டி, தெருப் பெண்கள் அத்தனை பேரும் உட்கார்ந்திருக்கும் உள்கட்டு வழியாகத்தான் போக வேண்டும். நான் கையைப் பிசைந்துகொண்டு உள்ளே ஓடி ஆபாவிடம் சொன்னேன். அவர் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை.

"எல்லாரும் சமையல் ரூமுக்குள்ள போங்கடி! டாக்டரம்மா, நான் கதவ சாத்திக்கினு கை தட்டுறேன். அப்புறம் அவர இட்னு வா."

தடதடவென்று ஓட்டம். கதவு சாத்தும் சத்தம். கைதட்டல். பேராசிரியர் தலையைக் குனிந்தபடி கொல்லைக்குப் பறந்தார். அவர் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் நான் கை தட்டினேன். பெண்கள் சமையலறையிலிருந்து வெளியே வந்தார்கள். அவர்கள் உட்காருவதற்குள் பேராசிரியர் மறுபடி எழுந்துவிட்டார். மறுபடி ஓட்டம், கதவு, கைதட்டல். இப்படி எத்தனை முறை என்று நான் எண்ணவில்லை. கடைசியில் அந்தக் கம்பீரமான மனிதர் வாழைத்தண்டு மாதிரி துவண்டு பெஞ்சில் படுத்துவிட்டார். உதடு காய்ந்துவிட்டது. ஜீப்பும் இல்லை, டிரைவரும் இல்லை.

உப்பும் சர்க்கரையும் கேட்கலாம் என்று நான் எழுந்திருப்பதற்குள், திரைக்குக் கீழே கண்ணாடி வளையல் போட்ட ஒரு கை நீண்டது. கையில் ஒரு சொம்பு. மேலே கவிழ்த்த டம்ளர், ஒரு ஸ்பூன்.

"காய்ச்சி ஆற வெச்ச தண்ணிதான். மூணு வெரல் உப்பு, ஒரு கை சக்கர. ருசி பாத்துட்டேன், உப்பு ஜாஸ்தி இல்ல. கண்ணீர விட கம்மியாத்தான் கரிக்குது" என்றாள் மருமகள்.

பேராசிரியர் சொம்பைப் பார்த்தார். பாவம், கையை ஆட்டி வேண்டாம் என்றார். "குடிச்சா இன்னும் போகணும்மா. என்னால அவங்க எல்லாரும் எத்தனை தடவைதான் ஓடுவாங்க?" அந்தக் கூச்சத்தில்தான் அந்தப் பெரிய மனிதர் தண்ணீரைத் தொடாமல் கிடந்தார்.

திரைக்குப் பின்னால் ஒரே சந்தைக்கடை.

"நாங்க ஓடுறோம், உங்களுக்கு இன்னா சார்? குடிங்க!"

"போனது போனாப்பல இருக்கட்டும். வெளிய போற அளவுக்கு உள்ள போவணும்!"

"டாக்டரம்மா, ஒரே மூச்சுல குடுக்காத. ஸ்பூன்ல குடு, இல்லன்னா வாந்தி வந்துடும்!"

"சும்மா பேஜார் பண்ணாதீங்க சார். ஒவ்வொரு தபா போய்ட்டு வந்தா ஒரு டம்ளர். அவ்ளோதான்!"

நான் கற்றுக் கொடுத்த வார்த்தைகள், நான் சொன்ன அதே ஏற்ற இறக்கத்தோடு, எனக்கே உத்தரவாகத் திரும்பி வந்துகொண்டிருந்தன. நான் ஸ்பூனால் ஊட்ட, அவர் சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்து குடித்தார். இரண்டாவது சொம்பு வந்தது. கைதட்டல் சத்தமும் மெல்ல மெல்லக் குறைந்தது. ஒரு மணி நேரத்தில் அவர் முகத்தில் ரத்தம் ஓட ஆரம்பித்தது. எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். திரையைப் பார்த்துக் கேட்டார்.

"ஏம்மா, டாக்டரம்மா ஒண்ணும் சொல்லித் தரலன்னீங்க. இதெல்லாம் யார் சொல்லித் தந்தது?"

உள்ளே மருமகள் களுக்கென்று சிரித்துவிட்டாள். யாரோ அவள் வாயைப் பொத்துகிற சத்தம் கேட்டது. பொத்தி என்ன செய்ய?

"நல்லா சொன்னா அவங்கள சீமைக்கு அனுப்பிடுவீங்க இல்ல சார்? அதான் ஃபெயில் ஆக்கிடலாம்னு எல்லாரும் பேசி வெச்சிக்கினோம்" என்று ஒப்புக்கொண்டார் ஆபா. "ஒரு வருஷம் போனவங்க திரும்பி வருவாங்களா? அங்க நல்லா இருந்தா அங்கயே இருந்துடுவாங்க. எங்க தெருவுக்கு வேற யாரு சார் வருவா? நீங்க இப்பிடி விழுந்து கெடக்கும்போது எங்களால நடிக்க முடியல."

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போய் ஆபாவைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவரும் அழுதார். மருமகள் மட்டும் சிரித்துக்கொண்டே அழுதாள். வெளியே பேராசிரியர் சிரிக்கும் சத்தம் கேட்டது. அவருக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"இவங்களை நான் அனுப்பினா, திரும்பி வர வைக்கிறது என் பொறுப்பு. சரியா?" என்றார்.

"உங்க கையில இருக்குற தண்ணி மேல சொல்லுங்க சார்" என்றார் ஆபா. விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை.

அவர் டம்ளரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இந்தத் தண்ணி மேல ஆணை" என்றார். சரியாக அந்த நேரம் பார்த்து ஆபாவின் கணவர் தொழுகை முடிந்து உள்ளே நுழைந்தார். மெட்ராஸ் பேராசிரியர் சட்டைப் பட்டனைத் திறந்துவிட்டுக்கொண்டு, திரைச்சீலை முன்னால் டம்ளரை நீட்டிச் சத்தியம் பண்ணிக்கொண்டிருந்தார். "இன்னா நடக்குது இங்க?" என்று வீட்டுக்காரர் கேட்டதும் திரைக்கு இரண்டு பக்கமும் சிரிப்பு வெடித்தது. சிரித்துச் சிரித்து வயிறு வலித்ததுதான் மிச்சம்.

ஸ்டேஷனில் ரயில் ஏறும்போது பேராசிரியர் என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார். "எல்லார் வேலையையும் நான் பார்த்துட்டுத்தான் வருவேன். உன் வேலையை மட்டும்தாம்மா பயன்படுத்திட்டு வந்திருக்கேன். அந்தக் கக்கூஸ் உட்பட."

சீட் கிடைத்தது. போனேன், படித்தேன். அந்த வகுப்பில் ஒரு நாள் இந்தக் கதையைச் சொன்னபோது, கென்யாவிலிருந்து வந்த ஒரு நர்ஸ் சிரிப்பை அடக்க முடியாமல் மேசையைத் தட்டினாள். அவள் கிராமத்திலும் அவளைப் போக விடமாட்டோம் என்று அழுத பெண்கள் இருந்தார்களாம். படிப்பு முடிகிற சமயத்தில் அங்கேயே இருந்துவிடச் சொல்லி நல்ல வேலை ஒன்று வந்தது. மனசு ஆடவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் ராத்திரி கண்ணை மூடினால் டம்ளரும் கையுமாக ஒருவர் சத்தியம் செய்வது தெரியும். அவர் வாக்கை நான் எப்படிப் பொய்யாக்குவது? திரும்பி வந்தேன். வந்த முதல் வெள்ளிக்கிழமை அந்தத் தெருவுக்குத்தான் போனேன். ஆபா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எளைச்சிப் போய்ட்ட" என்று சொல்லிப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அம்மா பார்த்த மாப்பிள்ளை அப்புறம் வந்தார். நல்லவர்தான், அது வேறு கதை.

அதன் பிறகு எத்தனையோ மேடைகளில் எத்தனையோ பேர் என்னைப் பற்றி நல்லதாகப் பேசியிருக்கிறார்கள், அதெல்லாம் வீடு வந்து சேர்வதற்குள் மறந்துபோயிருக்கிறது. ஆனால் வாழ்க்கையில் நான் வாங்கிய பெரிய மார்க் எது என்று யாராவது கேட்டால், என்னைப் போக விட மனசில்லாமல் ஒரு தெருவே கூடி என்னை ஃபெயிலாக்கப் பார்த்ததே அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன்.