நீல வானத்தை நம்பிய மன்னார்க்காரன்

நான் மன்னாரில் கடற்றொழில் செய்தவன். சுவிஸில் லுசேர்ணுக்கு வந்த புதிதில், தொண்ணூறுகளில், ஒரு மே மாத ஞாயிறு மத்தியானம் கடல் பழகிய துணிவில் மனைவியுடன் வாடகை வள்ளத்தில் ஏரிக்குள் போனேன். கரையில் செம்மஞ்சள் விளக்கொன்று விடாமல் மின்னியது. வீதி திருத்துகிறார்கள் என்று நினைத்தேன்.

மனைவி வவுனியாக்காரி. நீந்தத் தெரியாது, முதன்முதலாக வள்ளம் ஏறியதும் அன்றுதான்.

“திருப்புங்கோ,” என்றாள்.

“ஏன்? வானத்தைப் பாரும், ஒரு முகில்கூட இல்லை.”

“மற்ற வள்ளமெல்லாம் கரைக்குப் போகுது. சனம் வெளிக்கிட்டால் நாங்களும் வெளிக்கிட வேணும். காரணத்தைப் பிறகு கேட்கலாம்.”

போரில் ஊர் ஊராக இடம்பெயர்ந்து அவள் படித்தது அது. முணுமுணுத்துக்கொண்டே திருப்பினேன். கரை சேருமுன்னே மலைப்பக்கமிருந்து காற்று பாய்ந்தது. ஏரி வெள்ளையாக நுரைத்து, பனி உருகிய தண்ணீர் வள்ளத்துக்குள் அடித்தது. நான் துடுப்போடு மல்லுக்கட்ட, அவள் கைப்பையைக் கொட்டிக் கவிழ்த்து, அதனாலேயே தண்ணீரை இறைத்தாள். ஒரு தடவைகூடக் கத்தவில்லை.

அந்த விளக்கு புயல் எச்சரிக்கை என்பதைக் கரையில்தான் சொன்னார்கள்.

இப்போதும் வள்ளம் எடுக்கிறேன். விளக்கைப் பார்ப்பேன், மற்ற வள்ளங்களைப் பார்ப்பேன். பிறகு “போவமோ?” என்று அவளிடம் கேட்பேன். அவள் ஓம் என்றால்தான் கயிற்றை அவிழ்ப்பேன்.